ஈ.கோலை நல்லதா, கெட்டதா? முதலில் எந்த ஈ.கோலை என்று கேளுங்கள்

கேள்வி இது: "ஈ.கோலை எல்லோர் குடலிலும் சும்மா இருக்கும் பாக்டீரியா என்று படித்தோம். அதே ஈ.கோலை சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளைக் கொன்றது என்றும் செய்தி வருகிறது. நெருங்கிய சொந்தமான இரண்டு ரகங்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி?"

பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில இடங்களில் அந்த இரண்டும் நாம் நினைக்கிற அளவுக்கு நெருங்கிய சொந்தமே இல்லை. வேறு சில இடங்களில் இரண்டுக்கும் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இரண்டு கதையையும் சொன்னால்தான் விஷயம் பிடிபடும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். 1885-ல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தைகளின் மலத்தில் இந்தக் குச்சி வடிவ உயிரியைக் கண்டு விவரித்தார். ஈ.கோலையில் இருக்கும் 'ஈ' அவர் பெயர்தான். பாக்டீரியா ஆண் பெண் என்று சேர்ந்து குட்டி போடுவதில்லை, இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. அதனால் விலங்குகளை இனம் பிரிக்கிற அளவுகோல் இங்கே செல்லாது. அந்தக் காலத்தில் கையில் இருந்ததெல்லாம் சில சோதனைகள்: நுண்ணோக்கியில் என்ன வடிவம், எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது, காற்றில்லாமல் வளர்கிறதா. இவற்றில் ஒரே பதிலைத் தந்தவை எல்லாம் ஒரு பெயருக்குள் போயின. இனிஷியல் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு பேரை அண்ணன் தம்பி என்று முடிவுகட்டியது போலத்தான்.

டி.என்.ஏ.வை முழுசாகப் படிக்க முடிந்தபோது குட்டு உடைந்தது. ஆய்வகங்களில் பல தலைமுறையாக வளர்க்கப்படும் சாது ரகம் கே-12. 1922-ல் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறி வந்த ஒருவரின் மலத்திலிருந்து எடுத்தது. அதன் மரபணுத் தொகுதி 1997-ல் வெளியானது: சுமார் 46 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,300 மரபணுக்கள். செய்தியில் வரும் கொலைகார ரகமான ஓ157:ஹெச்7-இன் தொகுதி 2001-ல் வந்தது. அது சுமார் 55 லட்சம் எழுத்துகள். இரண்டுக்கும் பொதுவான பகுதி 41 லட்சம். அந்தப் பொதுப் பகுதியை மட்டும் அடுக்கி வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 98 எழுத்து ஒன்றேதான். ஆனால் கே-12-இல் இல்லாத 1,387 மரபணுக்கள் ஓ157-இல் இருந்தன. கே-12-இலும் ஓ157-இல் இல்லாத 528 இருந்தன. கொலைகார ரகத்தின் மரபணுக்களில் நாலில் ஒரு பங்கு சாது ரகத்துக்குத் தெரியவே தெரியாது! 2009-ல் 20 ரகங்களை ஒப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தவை 2,000-க்குக் கொஞ்சம் குறைவு, மொத்தமாக எண்ணினால் கிட்டத்தட்ட 18,000. ஆக 'ஈ.கோலையின் மரபணுத் தொகுதி' என்று ஒருமையில் பேசுவதே கொஞ்சம் தப்பு.

ஆய்வகத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. சார்பிட்டால் மெக்கான்கி அகார் என்று பாக்டீரியா வளர்க்கும் ஒரு தட்டு. சார்பிட்டால் ஒரு சர்க்கரை ஆல்கஹால். ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு வந்தவரின் மலத்தைத் தட்டில் தீற்றி, 37 டிகிரியில் ஒரு இரவு வைத்துவிட்டு, காலையில் மூடியைத் திறந்தால் பெரும்பாலான காலனிகள், அதாவது பாக்டீரியா பெருகி உண்டான புள்ளிகள், ரோஸ் நிறத்தில் இருக்கும். அவை சார்பிட்டாலைப் புளிக்க வைத்துவிட்ட சாதாரண ஈ.கோலை. அவற்றுக்கு நடுவே நிறமே இல்லாமல், கண்ணாடித் துளி மாதிரி நாலைந்து காலனி தெரிந்தால் கை தானாக அங்கே போகும். ஓ157 அந்த ஒரு நாளுக்குள் சார்பிட்டாலைத் தொடாது. நான் பல வருடம் தட்டு பார்த்தவன். அந்த வெளிறிய காலனியை முதல் தடவை பார்த்தபோது, "இவ்வளவுதானா?" என்றுதான் தோன்றியது.

ஆனால் அந்த நிறமின்மைக்கும் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வெறும் மச்சம், அடையாளம் காண மட்டும் உதவும். உண்மையான ஆயுதங்கள் வேறு இரண்டு. இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை.

முதலாவது, ஒட்டிக்கொள்ளும் வித்தை. ஓ157 குடல் சுவரின் செல்லை நெருங்கியதும் ஊசி போன்ற ஓர் அமைப்பை நீட்டி, 'டிர்' என்ற தன் சொந்தப் புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் உள்ளே போய், செல்லின் சவ்வில் ஏறி, வெளியே தலையை நீட்டுகிறது. பாக்டீரியா தன் மேற்பரப்பில் உள்ள 'இன்டிமின்' என்ற இன்னொரு புரதத்தால் அதைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்தவர் வீட்டுக் கதவில் தன் கைப்பிடியைத் தானே பொருத்திவிட்டு அதில் தொங்குகிற வேலை. அதோடு விடுவதில்லை. செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளை அந்த இடத்தில் குவிய வைத்து, தனக்கு ஒரு பீடமே எழுப்பிக்கொள்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். உணவை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் அந்த இடத்தில் அழிந்து போயிருக்கும். இத்தனைக்கும் தேவையான மரபணுக்களில் பெரும்பாலானவை அங்கங்கே சிதறியில்லை. ஒரே கட்டாக, சுமார் 35,000 எழுத்து நீளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இப்படிப்பட்ட கட்டுகளை 'நோய்த் தீவு' என்பார்கள். கே-12-இல் அந்தத் தீவு கிடையாது.

இரண்டாவது, ஷிகா நச்சு. இங்கேதான் கதை சுவாரசியம். நச்சுக்கான மரபணு பாக்டீரியாவுடையதே இல்லை, ஒரு வைரஸுடையது. பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்களைப் பேஜ் என்கிறோம். சில பேஜ்கள் உள்ளே புகுந்ததும் கொல்லாமல், தங்கள் டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டுத் தூங்கும். பாக்டீரியா பிளக்கும்போதெல்லாம் அதுவும் பிரதியாகும். அப்படித் தூங்கும் ஒரு பேஜின் மூட்டைக்குள்தான் ஷிகா நச்சு இருக்கிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குச் சேதம் வந்தால் உள்ளே ஓர் அபாய மணி அடிக்கும். அது பேஜுக்கும் கேட்கும். 'இந்த வீடு இனித் தாங்காது' என்று பேஜ் விழித்து, தன்னைப் பல பிரதி எடுத்து, கூடவே நச்சையும் உற்பத்தி செய்து, பாக்டீரியாவை வெடித்துக்கொண்டு வெளியேறும். வெளியே வந்த நச்சு ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஜிபி3 என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து அடினைன் என்ற ஒரே ஓர் எழுத்தை வெட்டி எடுக்கிறது. அவ்வளவுதான், அந்தச் செல்லில் புரத உற்பத்தி நின்றது. ஓ157 தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் கட்டம் வருவது இதனால்தான். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் ஒரு மருத்துவப் புதிரும் விடுபடும். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் டி.என்.ஏ.வைத் தாக்கும் சில ஆன்டிபயாடிக்குகள் அதே அபாய மணியை அடித்துவிடுகின்றன, பேஜ் விழிக்கிறது, நச்சு கூடுகிறது. அதனால் இந்தத் தொற்றில் மருத்துவர்கள் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்து, உடலில் நீர்ச்சத்தைப் பார்த்துக்கொண்டு, சிறுநீரகத்தைக் கண்காணிக்கிறார்கள். ரத்தத்தோடு பேதி போகும்போது வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டின் குடலிலும் இதே ஓ157 உண்டு. மாடு நன்றாகவே இருக்கும். அதன் ரத்தக்குழாய்களில் நச்சு பற்றிக்கொள்ளும் அந்த ஜிபி3 இல்லை. ஒரே ரகம், ஒரே நச்சு, ஆள் வேறு. 'நோய்க்கிருமி' என்ற சொல்லே அரை வாக்கியம்தான், 'யாருக்கு' என்று சேர்த்தால்தான் முழுமையாகும் என்பது என் கட்சி.

வைரஸ் நச்சைக் கொண்டுவந்து கொடுப்பது ஈ.கோலைக்கு மட்டும் நடந்ததல்ல. தொண்டை அடைப்பான் பாக்டீரியாவின் நச்சில்லாத ரகத்தை ஒரு பேஜ் தொற்றியதும் அது நச்சு சுரக்கத் தொடங்கியதை 1951-லேயே காட்டிவிட்டார்கள். காலரா இன்னும் வேடிக்கை. காலராக் கிருமியில் 200-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கொள்ளை நோயாகப் பரவியவை ஓ1-உம், 1992-ல் திடீரென்று தலைகாட்டிய ஓ139-உம்தான். நச்சு மரபணுவைச் சுமப்பது சி.டி.எக்ஸ். என்ற பேஜ் என்று 1996-ல் தெரிந்தது. அந்தப் பேஜ் உள்ளே நுழையும் வாசல் எது தெரியுமா? பாக்டீரியா நம் சிறுகுடலில் நிலைகொள்ளப் பயன்படுத்தும் மயிரிழையேதான். குடலில் தங்கத் தெரிந்த ரகத்துக்குத்தான் நச்சும் கிடைக்கும். கடல்நீரில் திரியும் மற்ற வகைகள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் இல்லை.

சரி, ஒட்டும் தீவும் ஷிகா பேஜும் இருந்தால் கொலைகாரன், இல்லாவிட்டால் சாது என்று ஒரு சூத்திரம் போட்டுவிடலாமா? 2011 வரை பலரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் ரத்தப்பேதி பரவியது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயின் மேல் பழி விழுந்தது, கடைசியில் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. சுமார் 3,800 பேர் பாதிக்கப்பட்டார்கள். 800-க்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகச் சிக்கல், 50-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி ஓ104:ஹெச்4. அதில் அந்த ஒட்டும் தீவு கிடையாது. நான் மேலே சொன்ன சார்பிட்டால் தட்டில் போட்டால் ரோஸ் நிறமாகவே வளரும், சாதுக்களோடு சாதுவாக. அது உண்மையில் வேறு ஒரு கிளையைச் சேர்ந்த ஈ.கோலை. செங்கல் அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து குடல் சுவரில் ஒட்டும் பழக்கம் உடையது, அந்தத் திறமை ஒரு பிளாஸ்மிடில், அதாவது முதன்மை டி.என்.ஏ.விலிருந்து தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தில், இருக்கிறது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு தருவதுதான் அந்தக் கிளையின் வழக்கம். எங்கோ ஒரு ஷிகா பேஜ் அதைத் தொற்றிவிட்டது, கதை மாறிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களிலும் குழந்தைகளைவிடப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள் அதிகம். மச்சத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் ஆய்வகங்களுக்கு அது நல்ல பாடம். இப்போது பல இடங்களில் நச்சையோ நச்சு மரபணுவையோ நேரடியாகத் தேடுகிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் சேர்த்துக்கொண்ட கதை. தூக்கி எறிந்த கதையும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

சீதபேதி தரும் ஷிகெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் அது தனிப் பேரினம். மரபணுக்களைப் பார்த்தால் அது ஈ.கோலையேதான், பல தடவை தனித்தனியாக ஈ.கோலையிலிருந்து கிளைத்தது. மருத்துவர்களுக்குப் பழகிய பெயரை மாற்றினால் குழப்பம் வரும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். சாதாரண ஈ.கோலை லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்துக் கடாவரின் என்ற பொருளை உண்டாக்கும். ஷிகெல்லாவில் அந்தத் திறமை இல்லை. ஆய்வாளர்கள் அந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடாவரின் உண்டானது, ஷிகெல்லாவின் நச்சு வேலை மந்தப்பட்டது. அதாவது நோய் தரும் பிளாஸ்மிட் வந்ததும், அதற்கு இடைஞ்சலாக இருந்த பழைய சொத்தைக் கைகழுவியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில், இழந்ததால் சாதுவானது காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. கால்மெட், கெரின் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908-ல் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றை உருளைக்கிழங்கு, பித்தநீர், கிளிசரின் கலந்த ஊடகத்தில் வளர்க்கத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுத் துண்டுக்கு மாற்றுவார்கள். 13 வருடம், சுமார் 230 மாற்றல்கள். நடுவில் முதல் உலகப் போர் வந்து போனது. வேலை நிற்கவில்லை. 1921-ல் அது நோய் தராத தடுப்பூசியாக மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது. உள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. மரபணு என்பது டி.என்.ஏ. என்றே அப்போது யாருக்கும் தெரியாது. பிற்பாடு பார்த்தால் ஆர்.டி.1 என்ற பகுதி முழுசாக உதிர்ந்திருந்தது. நம் செல்லுக்குள் சிறைப்பட்ட காசநோய்க் கிருமி அங்கிருந்து தப்ப உதவும் புரதங்கள் அதில்தான் இருந்தன. கிழங்கின் மேல் சுகமாக வாழ்கிறவனுக்கு அது எதற்கு? ஆர்.டி.1-ஐத் திருப்பிக் கொடுத்தால் வீரியம் கொஞ்சம் கூடுகிறது, முழுசாகத் திரும்புவதில்லை. வேறு சில்லறை இழப்புகளும் இருக்கின்றன. இந்த ஓட்டையால் நமக்கு ஒரு உபரி லாபம்: காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை ஆர்.டி.1 புரதங்களை வைத்துச் செய்வது. பி.சி.ஜி. போட்டவர் என்பதற்காக அதில் பாசிட்டிவ் வராது.

ஆந்த்ராக்ஸ் கிருமியைப் பற்றி ஒரே வரியில்: ஒரு பிளாஸ்மிடில் நச்சு, இன்னொன்றில் உறை. இரண்டாவதை இழந்த ஸ்டெர்ன் ரகம் 1930-களிலிருந்து கால்நடைகளுக்குத் தடுப்பூசி.

இப்போது அந்த ஒரு எழுத்து விவகாரம். தொண்டைப்புண் தரும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெரும்பாலும் சில நாள் வலியோடு போய்விடும். அபூர்வமாக அதே கிருமி சதையைத் தின்னும் நோயாகிறது. இரண்டு நோயாளிகளின் கிருமிகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் தொகுதி கிட்டத்தட்ட அச்சு அசல். வித்தியாசம் பல தடவை கோவ்எஸ் என்ற ஒழுங்குபடுத்தும் மரபணுவில் நடந்த ஒரு சின்ன மாற்றம். கோவ்எஸ் வெளிச் சூழலை உணர்ந்து, நோய் மரபணுக்கள் பலவற்றை அடக்கி வைக்க உதவும் அமைப்பின் ஒரு பாதி. அது கெட்டால் பிடி தளர்கிறது: வழுவழுப்பான உறை தடிக்கிறது, ரத்த வெள்ளையணுக்கள் வீசும் டி.என்.ஏ. வலையை அறுக்கும் நொதி பெருகுகிறது, தன் ஆயுதங்களையே கடித்துக்கொண்டிருந்த ஒரு புரதக் கத்தரி குறைகிறது. புதிதாக எதுவும் வரவில்லை. எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருந்த சாமான்தான்.

அப்படியானால் எல்லா ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஏன் இப்படி மாறிவிடவில்லை என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்வி. மாறிய ரகம் சதைக்குள் நன்றாக ஜெயிக்கிறது. ஆனால் தொண்டையில் ஒட்டி நிலைக்கும் திறன் குறைகிறது. அடுத்த ஆளுக்குப் போகும் வழி தொண்டைதான். ஆகவே அது ஒரு நோயாளிக்குள் பிறந்து பெரும்பாலும் அவரோடு முடிந்துவிடுகிறது. நமக்குப் பயங்கரமான நோய் கிருமிக்கு முட்டுச்சந்து. கிருமிகள் நம்மைக் கொல்வதையே குறிக்கோளாக வைத்திருப்பது போலப் பேசுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

கடைசியாக இடம். சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை. அந்த ரகங்கள் குடலில் இருக்கும்போது ஒரு தொந்தரவும் செய்வதில்லை. சிறுநீர்ப்பைக்கு ஏறியதும் பற்றிக்கொள்ளும் இழைகளும் இரும்பைப் பிடுங்கும் மூலக்கூறுகளும் அங்கே ஆயுதமாகின்றன. அப்புறம் இதையும் கேளுங்கள். முதல் உலகப் போரில் கூட இருந்தவர்களெல்லாம் பேதியில் விழுந்தபோது ஒரு சிப்பாய் மட்டும் தப்பினார். அவர் மலத்திலிருந்து ஆல்ஃபிரட் நிஸ்ல 1917-ல் பிரித்த ஈ.கோலை, 'நிஸ்ல 1917' என்ற பெயரில் குடலுக்கு நல்லது செய்யும் மருந்தாக இன்றும் ஜெர்மனியில் விற்கப்படுகிறது. அதன் மரபணுத் தொகுதிக்கு மிக நெருங்கிய சொந்தம் யார் என்று பார்த்தால், சிறுநீரகத் தொற்று வந்த ஒருவரிடமிருந்து எடுத்த சி.எஃப்.டி.073. இரும்பு பிடுங்கும் கருவிகள் இரண்டிலும் உண்டு. குடலில் மற்ற கிருமிகளோடு போட்டி போட அதே கருவி நிஸ்லவுக்கு உதவுகிறது. சிவப்பணுக்களை உடைக்கும் நச்சும், சிறுநீரகத்தைப் பற்றும் இழையும் நிஸ்லவில் இல்லை. டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் கோலிபாக்டின் என்ற பொருளைத் தயாரிக்கும் தீவு மட்டும் நிஸ்லவிலும் இருக்கிறது. அதனால் அந்த மருந்தைப் பற்றி இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அது எந்த மாதிரியில் வந்தது என்று பாருங்கள். மலத்தில் வெறுமனே ஈ.கோலை என்றால் அதில் செய்தியே இல்லை. அங்கே இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ரத்தப்பேதி இருந்தால் ஷிகா நச்சு பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரில் வந்தால் எண்ணிக்கையையும், எரிச்சல் காய்ச்சல் இருக்கிறதா என்பதையும் சேர்த்து அவர் முடிவு செய்வார். ரத்தத்தில் வளர்ந்தால் எந்த ரகம் என்று பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை, உடனே சிகிச்சை. குடிநீரில் வந்தால், பெரும்பாலும் அந்தக் குறிப்பிட்ட ஈ.கோலை உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் யாருடைய மலமோ அந்தத் தண்ணீரில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.